மொட்டை மாடியில் 90கள்: ஆட்டப்பாட்டு மாலைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்யாண ரிசப்ஷன்களில் கவனித்திருப்பீர்கள். இந்த வருடத்து ஹிட் பாட்டு ஒலித்தால் கல்லூரிப் பிள்ளைகள் மட்டும் ஆடுவார்கள். ‘முக்காலா’ தொடங்கினால் பெண்ணின் சித்தப்பா தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடி வருவார். அந்தச் சித்தப்பாவை நம்பித்தான் நாம் இறங்கப் போகிறோம். ஒரு மொட்டை மாடி, 30 பேர், 3 மணி நேரம். முதல் முறைக்கு இது போதும்.

எதெல்லாம் 90கள் பாட்டு?

அந்தப் பத்தாண்டில் வந்த எல்லாமும் நமக்கு வேண்டாம். ஆட வைத்தவை போதும். 1992-ல் ‘ரோஜா’வில் ரஹ்மான் வந்தார். அடுத்த வருடமே ‘ஜென்டில்மேன்’ படத்தின் ‘சிக்குபுக்கு’வில் பிரபுதேவா ஆடினார். 1994-ல் ‘காதலன்’. ‘முக்காலா’, ‘ஊர்வசி’, ‘பேட்டை ராப்’ மூன்றும் ஒரே கேசட்டில்!

இந்தப் பாட்டுகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு ஸ்டெப்போடு வந்தன. பள்ளி ஆண்டுவிழாவுக்காகப் பத்து நாள் பயிற்சி எடுத்தவர்களுக்கு இன்று நாற்பது தாண்டிவிட்டது. பெயர் மறக்கிறது, கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது மறக்கிறது, அந்த ஸ்டெப் மட்டும் மறக்கவில்லை. முப்பது வருடமாகியும் இவை ஓய்வுபெறாததற்கு, என்னைக் கேட்டால், இதுதான் காரணம்.

ரஹ்மானோடு நிறுத்திவிடாதீர்கள். தேவாவின் கானா இல்லாத பட்டியல் உப்பில்லாத சுண்டல். ‘காதல் கோட்டை’யில் (1996) அவரே பாடிய கானாவும், ‘கண்ணெதிரே தோன்றினாள்’ (1998) படத்தின் ‘சலோமியா’வும் கட்டாயம் இருக்கட்டும்.

பட்டியலை எப்படிப் போடுவது?

நம் வேலையில் முக்கால் பங்கு இதுதான், அவசரப்பட வேண்டாம். பாட்டுக்குச் சராசரியாக 5 நிமிடம் என்றால் மணிக்கு 12, மூன்று மணிக்கு 36. கையிருப்பாக இன்னும் 10 சேர்த்துக்கொள்வோம்.

புதிதாக நடத்துபவர்கள் செய்யும் தவறு, முதல் அரை மணியிலேயே ‘முக்காலா’வைப் போட்டுத் தீர்ப்பது. பாதிப் பேர் அப்போதுதான் பைக்குக்கு இடம் தேடிக்கொண்டிருப்பார்கள். முதல் அரை மணிக்கு, பேசிக்கொண்டே தலையாட்டக்கூடிய பாட்டுகள். அடுத்து ‘சிக்குபுக்கு’. குழந்தைகள் ரயில் விடுவார்கள், பின்னாலேயே பெரியவர்கள் கோத்துக்கொள்வார்கள். ‘முக்காலா’வுக்கு எட்டு மணி சரியான நேரம்.

வேகத்தையும் பார்க்க வேண்டும். 15 விநாடிக்கு எத்தனை தட்டு விழுகிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள், அந்தப் பாட்டின் வேகம் கிடைத்துவிடும். வேகம் நெருங்கிய பாட்டுகளை அடுத்தடுத்து வைத்தால் ஆடுபவர்களின் கால் தடுமாறாது. மூன்று வேகப் பாட்டுக்கு ஒரு மெதுவான பாட்டு என்பது என் கணக்கு. வந்திருப்பவர்களின் முழங்கால் 1994-ல் இருந்தது போல இருக்காது. அந்த இடைவெளிக்கு ‘மின்சார கனவு’ படத்தின் ‘வெண்ணிலவே’ பொருத்தம். பிரபுதேவாவுக்கு நடன அமைப்புக்கான தேசிய விருது வாங்கித் தந்தது அது.

‘தளபதி’யின் (1991) ‘ராக்கம்மா’வுக்குத் தனி எச்சரிக்கை. குத்து உச்சத்தில் இருக்கும்போது இளையராஜா நடுவில் தேவாரத்தைக் கொண்டுவருவார். முதல் முறை அந்த இடத்தில் என் மாடியில் எல்லோரும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள். அந்தப் பகுதியை வெட்டிவிடலாமா என்று யோசித்தேன். நல்லவேளை, வெட்டவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அப்படியே நிற்பதும், தாளம் திரும்பியதும் கூட்டமாகப் பாய்வதும்தான் இப்போது எங்கள் மாலையின் சிறந்த கட்டம்.

ஒலிக்கு என்ன செய்வது?

வீட்டு புளூடூத் ஸ்பீக்கர் திறந்தவெளிக்குப் பற்றாது. இரண்டு பெரிய ஸ்பீக்கரை வாடகைக்கு எடுப்போம். காது உயரத்துக்கு ஸ்டாண்டில் ஏற்றி, மாடியின் உள்பக்கமாகத் திருப்பி வைக்க வேண்டும். சுவர் மூலையில் ஒட்டி வைத்தால் பேஸ் மட்டும் குமுறும், பாடகர் காணாமல் போவார்.

பாட்டுகளை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துவிடுங்கள். பழைய பாட்டுகள் ஒன்று உரக்கவும் ஒன்று மெதுவாகவும் இருக்கும். ஒலி அளவைச் சமப்படுத்தும் வசதி பெரும்பாலான செயலிகளில் உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். பிறகு போனை ஏரோபிளேன் மோடுக்கு மாற்றுங்கள். ‘பேட்டை ராப்’ நடுவே என் மாமியாரின் அழைப்பு ரிங்டோனாக மாடி முழுக்க ஒலித்தபின் நான் கற்றது இது.

எவ்வளவு ஆகும்?

என் கடைசி மாலையின் கணக்கு: ஸ்பீக்கர் 2,500 ரூபாய், இரண்டு வண்ண விளக்கு 600, டிபன் தலைக்கு 120 வீதம் 3,600, அலங்காரமும் மிட்டாயும் 800. மொத்தம் 7,500. முப்பது பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 250. ஊருக்கு ஊர் மாறும், மூன்று கடையில் விசாரியுங்கள்.

அலங்காரத்துக்குப் பரணில் கிடக்கும் பழைய கேசட்டுகளே போதும். மிட்டாய்க்குத் தேன் மிட்டாயும் கமர்கட்டும். டிபனை எட்டரைக்கு முன் எடுக்காதீர்கள். வயிறு நிறைந்தவர் நாற்காலியை விட்டு எழமாட்டார்.

கவனம்!

இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். குடியிருப்புப் பகுதியில் பகலிலும் 55 டெசிபல்தான் வரம்பு. இலவச டெசிபல் செயலி ஒன்றைப் போனில் போட்டு, கைப்பிடிச் சுவர் ஓரமாக நின்று பாருங்கள், தோராயமாகத் தெரியும். ஒலிபெருக்கிக்கு முன் அனுமதி தேவையா என்று காவல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் முன்பே பக்கத்து வீடுகளையும் அழைத்துவிடுங்கள். வராவிட்டாலும் கோபம் பாதியாகும்.

ஒயர்கள் நடைபாதையில் கிடக்கக் கூடாது. மழை தூறினால் முதலில் மெயினை அணையுங்கள், பிறகு ஸ்பீக்கரை மூடுங்கள். சட்னியைத் தளத்தின் பக்கமே விடாதீர்கள், வழுக்கி விழ ஒரு சொட்டு போதும்.

டிக்கெட் போட்டு மண்டபத்திலோ ஓட்டலிலோ நடத்தும் ஆசை வந்தால் கதை வேறு. பாட்டுக்கு ஐ.பி.ஆர்.எஸ்., பி.பி.எல். போன்ற அமைப்புகளின் உரிமம் வாங்க வேண்டியிருக்கும். வீட்டு மாடியில் நாலு தரம் நடத்திவிட்டு அந்தப் பக்கம் போகலாம்.

அன்று மாலை

ஐந்தரைக்கு ஸ்பீக்கர், ஆறுக்கு ஒலிச் சோதனை, ஆறரைக்கு முதல் பாட்டு. யாரும் ஆடவில்லையே என்று பதறாதீர்கள், முதல் ஆளாக நாமே இறங்குவோம். ஒன்பதரைக்குக் கடைசிப் பாட்டு. இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்பார்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒயரைச் சுருட்டும் வேலையை அதிகம் கத்தியவரிடம் கொடுத்துவிடுங்கள்.