நின்ற ஊர்தியும் ஓடும் எஞ்சினும்

முன்னுரை

திருமங்கலத்தையும் கொல்லத்தையும் இணைக்கும் 744ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை புளியங்குடியின் ஊடே செல்கின்றது. எலுமிச்சை ஏற்றும் லாரிகளும், பேருந்துகளும், குற்றாலப் பருவத்தில் வரும் கார்களும் ஒருங்கே நெருக்கும்போது ஊர்திகள் நெடுநேரம் நிற்க நேர்கின்றது. அவ்வாறு நிற்கும் வேளையில் எஞ்சினை அணைப்பது நன்றா, ஓடவிடுவது நன்றா என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

பழைய கருத்து

‘அணைத்து மீண்டும் இயக்கினால் பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும்’ என்பர் பெரியோர் பலர். கார்புரேட்டர் பொருத்திய பழைய கார்களைப் பொறுத்தவரை இக்கூற்றில் உண்மை உண்டு. ‘சோக்’ இழுத்தும் ஆக்சிலேட்டரைப் பலமுறை மிதித்துமே அவற்றை இயக்க வேண்டியிருந்தது. இன்றைய ஊர்திகளிலோ வேண்டிய அளவு எரிபொருளை மின்னணுக் கருவியே கணக்கிட்டுச் செலுத்துகின்றது. 10 வினாடிக்கு மேல் நின்று ஓடும் எஞ்சின், அணைத்து மீண்டும் இயக்குவதைவிட மிகுதியான எரிபொருளைக் குடிக்கும் என அமெரிக்காவின் ஆர்கான் தேசிய ஆய்வுக்கூடம் அளந்து கூறியுள்ளது. கருவி மாறிய பின்னும் கருத்து மாறாதிருப்பது முறையன்று.

விரயமும் நச்சும்

சிறிய கார் ஒன்று நின்றபடி ஓடினால் மணிக்கு ஏறத்தாழ 0.6 லிட்டர் பெட்ரோல் வீணாகும். நாளொன்றுக்கு 10 நிமிடம் எனக் கொண்டால், 300 நாளில் 30 லிட்டர். அதனால் காற்றில் கலக்கும் கரியமில வாயு ஏறத்தாழ 70 கிலோ.

பணம் இழப்பவர் ஊர்திக்கு உரியவர். உடல்நலம் இழப்பவரோ வேறொருவர். குளிரூட்டிய காரினுள் இருப்பவரைவிட, சாலையோரம் கடை விரித்தவரும், மூட்டை சுமப்பவரும், பேருந்துக்காக நிற்கும் மாணவரும் அப்புகைக்கு நேரே ஆட்படுகின்றனர். டீசல் புகை புற்றுநோய் விளைவிப்பது என உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது. எனவே இது சிக்கனம் பற்றிய வினா மட்டுமன்று. பிறர் உரிமை பற்றிய வினாவுமாகும். தில்லி அரசு 2020 அக்டோபரில் ‘சிவப்பு விளக்கெரிந்தால் வண்டியை அணைப்பீர்’ என்னும் இயக்கம் நடத்தியதும் காற்று மாசினைக் குறைக்கவே.

விலக்குகள்

ஊர்தி உருளும்போது எஞ்சினை அணைத்தல் கூடாது. பிரேக்கும் ஸ்டியரிங்கும் இறுகி விபத்து நேரும். ஊர்திகள் ஊர்ந்து நகரும் வரிசையிலும், மேட்டுச் சாலையிலும், பாட்டரி நலிந்த நிலையிலும் அணைக்காதிருப்பதே நன்று. அரை நிமிடத்திற்கு மேல் நகர வழியில்லை எனத் தெளிவாகத் தெரியுமிடத்தில் அணைக்கலாம். அடைத்த ரயில்வே கேட், பள்ளி வாயில், மருத்துவமனை முகப்பு, திருமண மண்டபம் ஆகிய இடங்களில் தயக்கமின்றி அணைக்கலாம்.

முடிவுரை

சாவியைத் திருப்பச் சட்டமும் வேண்டா, செலவும் இல்லை. மாணவர்கள் தம் இருசக்கர ஊர்திகளிலிருந்து இப்பழக்கத்தைத் தொடங்குவாராயின், இல்லத்துப் பெரியோரும் பின்பற்றுவர். நாம் காத்திருக்கும் நேரத்திற்கு மற்றவர் மூச்சு விலையாகாதிருக்கட்டும்.