சொல் அறிவோம்: காயல்

நம் பிள்ளைகள் பள்ளியில் 'லகூன்' என்று படித்து வந்து, அதற்குத் தமிழில் என்ன சொல் என்று கேட்கிறார்கள். ஏரி என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அந்த விடை போதாது.

ஏரி என்பது மழைநீரையும் ஆற்று நீரையும் கரை கட்டித் தேக்கிய இடம். லகூன் கடலோரத்தில் இருப்பது. அலை ஒதுக்கிய மணல் நீளமாக மேடிட்டு, ஆழமில்லாத ஒரு நீர்ப்பரப்பைக் கடலிலிருந்து பிரிக்கிறது. மணல் மேட்டில் உள்ள திறப்பு வழியே கடல்நீர் வந்து போகிறது. இத்திறப்புக்கு முகத்துவாரம் என்று பெயர். லட்சத்தீவில் மணலுக்குப் பதில் பவளப்பாறை இந்த அணையாக நிற்கிறது.

லகூன் என்ற சொல் இத்தாலிய மொழியில் இருந்து வந்தது. அதன் லத்தீன் வேருக்குப் பள்ளம், குளம் என்று பொருள். தமிழில் இதற்குப் பல சொற்கள் உண்டு. கழி, உப்பங்கழி என்பவை பழைய சொற்கள். நெய்தல் நிலத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் கழியைப் பலமுறை பாடியுள்ளனர். காயல் என்பது காயல்பட்டினத்தின் பெயரிலும், மலையாளத்தில் வேம்பநாட்டுக் காயலிலும் இருக்கிறது. மட்டக்களப்பில் வரும் களப்பும் இதுவே. இலங்கைத் தமிழர் கடல்நீரேரி என்றும் எழுதுகின்றனர். கடல், ஏரி இரண்டும் அச்சொல்லில் உள்ளன.

திருப்பதி, சித்தூர் பகுதியில் வாழும் நமக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டம் அமைந்தபோது சூலூர்ப்பேட்டையும் ஸ்ரீஹரிகோட்டாவும் அதில் சேர்ந்தன. சூலூர்ப்பேட்டையிலிருந்து ராக்கெட் தளத்துக்குச் செல்லும் சாலையின் இருபுறமும் தெரிவது பழவேற்காட்டுக் காயல். இந்தியாவில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெரிய காயல் இது. பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் உள்ளது. ஸ்ரீஹரிகோட்டாத் தீவுதான் இதனை வங்கக் கடலிலிருந்து பிரிக்கும் மணல் மேடு.

காளங்கி, ஆரணி ஆறுகள் இதில் நன்னீர் சேர்க்கின்றன. மழைக்காலத்தில் உப்பு குறையும். கோடையில் வடபகுதி வற்றி, எஞ்சிய நீர் கடலைவிட உப்பேறும். குளிர்காலத்தில் பூநாரைகள் இரை தேடி வருகின்றன. அருகில் நேலப்பட்டில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன.

இறால் கடலில் முட்டையிடும்; அதன் குஞ்சுகள் முகத்துவாரம் வழியே வந்து காயலில் வளரும். முகத்துவாரம் மணலால் தூர்ந்தால் குஞ்சுகள் வர வழியில்லை. மீனவர் வலையும் வெறுமையாகும். அதனால்தான் தூர்வார வேண்டும் என்று இரு மாநில மீனவர்களும் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றனர். ஏரி என்றே நினைப்பவருக்கு இக்கோரிக்கை விளங்காது. காயல் என்றால் கடலோடு தொடர்புள்ள நீர் என்று அறிந்த பிள்ளைக்கு உடனே விளங்கும்.

பயிற்சி
1. ஏரிக்கும் காயலுக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. காயலைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் நான்கு எழுதுக.
3. முகத்துவாரம் அடைபட்டால் மீனவர் ஏன் வருந்துகின்றனர்?