லொறிக்குக் காப்புறுதி உண்டு, சாரதிக்கு?

சம்மாந்துறையில் அரிசி ஆலையொன்றில் பல வருடங்கள் கணக்கு எழுதியவன் நான். கொழும்புக்கு அரிசி ஏற்றிச் செல்லும் லொறிகளின் காப்புறுதிப் பத்திரங்கள் யாவும் எனது மேசை லாச்சியில்தான் இருந்தன. ஒருநாள் இரவு எமது சாரதி ஒருவர் விபத்தில் வபாத்தானார். மூன்றாம் நாள் அவரது மனைவியின் தம்பி என்னிடம் வந்து, "காக்கா, லொறிக்கு இன்சூரன்ஸ் இருக்குதானே, அதில மச்சான்ட புள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்காதா?" என்று கேட்டார்.

லொறி திருத்தப்பட்டது. சாரதிக்கென அந்தப் பத்திரத்தில் எதுவும் இருக்கவில்லை. சட்டப்படி கட்டாயமான மூன்றாம் தரப்புக் காப்புறுதி, பாதிக்கப்படும் பிறருக்கானது. முழுமையான காப்புறுதி வாகனத்துக்கானது. சாரதிக்குத் தனியாகச் சேர்த்தால் மாத்திரமே அவருக்கு ஏதும் உண்டு. அவரது சொந்த ஆயுள் காப்புறுதியோ இடையில் காலாவதியாகியிருந்தது. சேமிப்புடன் கூடிய பெரிய திட்டமொன்றில் ஒன்றரை வருடம் பணம் கட்டி, ஓட்டம் குறைந்த மாதங்களில் நிறுத்திவிட்டார். அந்த முகவரை அவருக்கு அறிமுகப்படுத்தியவன் நான் என்பதால்தான் இதை எழுதுகின்றேன்.

மலிவானது எது?

குறைந்த கட்டுப்பணம் உள்ளதே மலிவானது என நாம் எண்ணுகிறோம். சாரதியின் வருமானம் ஓட்டத்தைப் பொறுத்தது. ஆகவே ஓட்டம் குறைந்த மாதத்திலும் கட்டக்கூடிய திட்டமே அவருக்கு மலிவானது. சேமிப்புத் திட்டங்களை ஆரம்ப வருடங்களில் கைவிட்டால் பொதுவாகக் கையில் எதுவும் மிஞ்சாது. எனவே முதலில் பாதுகாப்பை மட்டும் தரும் தவணைக்காலக் காப்புறுதியைக் கேளுங்கள். காலம் முடிந்தால் அதில் பணம் திரும்பி வராதுதான். ஆனால் அதே கட்டுப்பணத்துக்குப் பல மடங்கு பெரிய காப்பு கிடைக்கும். சேமிப்பை வேறாக வைத்துக்கொள்ளலாம்.

எவ்வளவு தேவை?

ஓர் உதாரணம் பாருங்கள். குடும்பச் செலவு மாதம் 70,000 ரூபா. மூத்த பிள்ளை உழைக்க இன்னும் 5 வருடங்கள் செல்லும். 70,000 × 12 × 5 = 42 இலட்சம். கடன் 8 இலட்சம் சேர்ந்தால் 50 இலட்சம். ஊழியர் சேமலாப நிதியிலும் கையிலும் 10 இலட்சம் இருந்தால், தேவைப்படும் காப்பு 40 இலட்சம். முகவர் சொல்லும் தொகையை விட்டு இந்தக் கணக்கிலிருந்து ஆரம்பியுங்கள்.

கவனிக்க வேண்டியவை

1. தொழிலை மறைக்காதீர்கள். லொறிச் சாரதி என்றால் கட்டுப்பணம் சற்றுக் கூடலாம். அதற்காக "வியாபாரம்" என்று எழுதினால் கோரிக்கை நிராகரிக்கப்பட அது காரணமாகிவிடும். சீனி வியாதி, பிரஷர் என்பனவும் அவ்வாறே. வெற்றுப் படிவத்தில் ஒருபோதும் கையொப்பமிடாதீர்கள்.

2. நிரந்தர அங்கவீனத்துக்கான மேலதிகக் காப்பைச் சேருங்கள். ஒரு காலை இழந்த சாரதி உயிரோடிருந்தாலும் அவரது உழைப்பு நின்றுவிடுகிறது.

3. விலக்குகளை வாசித்துக் கேளுங்கள். உரிய வகைச் சாரதி அனுமதிப்பத்திரம் இன்றி ஓட்டுவது பெரும்பாலும் அவற்றில் இருக்கும்.

4. நிறுவனம் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவு பெற்றதா எனப் பாருங்கள். பணம் கட்டியதும் நிறுவனத்தின் பற்றுச்சீட்டைப் பெறுங்கள்.

தகாபுல்

வழமையான காப்புறுதியில் வட்டியும் நிச்சயமற்ற தன்மையும் கலந்திருப்பதாகத் தயங்குவோர் எம்மில் பலர். 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி, வர்த்தகக் காப்புறுதியைத் தவிர்த்து, பரஸ்பர உதவியின் அடிப்படையிலான கூட்டுறவுக் காப்புறுதியை ஆகுமானதாகக் கூறியது. தகாபுல் அவ்வடிப்படையில் அமைந்தது. நீங்கள் கட்டும் பணத்தில் ஒரு பகுதி நன்கொடையாகப் பொது நிதியத்தில் சேர, பாதிக்கப்பட்ட உறுப்பினருக்கு அந்நிதியத்திலிருந்து உதவி வழங்கப்படுகிறது. 1990களின் இறுதியிலிருந்து எமது நாட்டிலும் இவ்வசதி உண்டு. அங்கும் நன்கொடை எவ்வளவு, சேமிப்பு எவ்வளவு, நிர்வாகக் கட்டணம் எவ்வளவு என்ற மூன்றையும் கேட்டறியுங்கள். பெயர் குறிக்கப்படுபவர் முழுத்தொகையையும் பெறுகிறாரா, வாரிசுகளுக்குப் பங்கிட வேண்டுமா என்பதையும் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவுபெறுங்கள்.

முதலாளிமாருக்கு ஒரு வார்த்தை

1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையின்போது ஏற்படும் விபத்துக்கான பொறுப்பைத் தொழில் வழங்குநர் மீது வைக்கிறது. சேமலாப நிதிக்கு உங்கள் பங்கு 12 வீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம். "கைக்காசு கூடத் தாறன்" என்று இவற்றைத் தவிர்ப்பது அந்தப் பிள்ளைகளின் உரிமையைப் பறிப்பதாகும். சாரதிகள் சிலர் இருந்தால் குழுக் காப்புறுதி எடுங்கள். தனித்தனியே எடுப்பதைவிட அது பொதுவாகச் செலவு குறைந்தது.

சாரதிச் சகோதரர்களே, பத்திரம் எங்கே இருக்கிறது என்பதை இன்றே மனைவியிடம் சொல்லி வையுங்கள். பிரயாணம் புறப்படுமுன் டயரையும் பிரேக்கையும் பார்க்கிறீர்கள். வருடத்துக்கு ஒரு முறையேனும் இதையும் எடுத்துப் பாருங்கள்.