விற்ற பொருளும் விடாத உரிமையும்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவி)

ஒருவர் தம் அறிவாலும் உழைப்பாலும் ஒரு புதுக் கருவியைச் செய்து விற்கிறார். வாங்கியவர் அதைத் தாம் பயன்படுத்தாமல், கூடுதல் விலை வைத்து இணைய அங்காடியில் வேறொருவருக்கு விற்கிறார். செய்தவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இது திருட்டா, வணிகமா? இன்னொருவர் அதே கருவியைப் பார்த்து, அதைப் போலவே தாமும் செய்து விற்கிறார். இது என்ன? மூன்றாமவர், செய்தவரின் பெயரையும் படத்தையும் போட்டுவிட்டு மட்டமான வேறொரு பொருளை அனுப்பிவைக்கிறார். இதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? நம் பேச்சு வழக்கில் மூன்றையுமே 'டூப்ளிகேட்' என்று திட்டிவிடுகிறோம். சட்டம் மூன்றையும் மூன்றாகவே பார்க்கிறது. இந்த வேறுபாடு தெரியாமல் புகார் கொடுக்கப் போகிறவர், நியாயம் தம் பக்கம் இருந்தாலும் வெறுங்கையோடு திரும்ப நேர்கிறது.

இயற்பியல் மாணவிக்கு இதில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவள் நான்தான் முதல். ஆகவே வீட்டிற்கு வரும் ஆங்கிலத் தாள் எதுவாயினும், வங்கியிலிருந்து வந்தாலும் வக்கீலிடமிருந்து வந்தாலும், என் முன்னால்தான் வந்து விழும். நான் படிப்பது ஒளியியலும் வெப்பவியலும் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள்? அப்படி வந்து விழுந்த ஒரு தாள்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். அதைப் பின்னர் சொல்கிறேன். முதலில் உலகறிந்த ஒரு வழக்கைக் காண்போம்.

தண்ணீர்ப் பலூன் வழக்கு

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஜோஷ் மலோன் எட்டுக் குழந்தைகளின் தந்தை. கோடைக்காலத்தில் தண்ணீர் நிரப்பிய பலூன்களை ஒருவர் மேல் ஒருவர் எறிந்து விளையாடுவது அந்நாட்டுக் குழந்தைகளின் வழக்கம். ஒவ்வொரு பலூனாக நிரப்பி முடிச்சுப் போடுவதற்குள் பெரியவர்களுக்கு விரல் நொந்துவிடும். மலோன் ஒரு வழி கண்டார். குழாயில் திருகும் ஒரு தலைப்பகுதி. அதிலிருந்து கொத்தாகத் தொங்கும் மெல்லிய குழல்கள். ஒவ்வொரு குழலின் நுனியிலும் ஒரு பலூன். பலூனின் கழுத்தில் ஒரு சிறு ரப்பர் வளையம். தண்ணீரைத் திறந்தால் எல்லாப் பலூன்களும் ஒரே நேரத்தில் நிரம்பும். நிரம்பியபின் கொத்தை ஒரு குலுக்குக் குலுக்கினால், எடையும் அந்தக் குலுக்கலும் சேர்ந்து வளையத்தின் பிடியை வெல்ல, பலூன்கள் நழுவி விழும். விழும்போதே வளையம் சுருங்கிக் கழுத்தை அடைத்துவிடும். முடிச்சே வேண்டாம். நூறு பலூன்களை ஒரே நிமிடத்தில் நிரப்பிவிடலாம். உராய்வைப் பற்றி முதலாமாண்டில் படித்த எவருக்கும் இது எளிதில் விளங்கும். விளங்குவது வேறு, தோன்றுவது வேறு. அவருக்குத் தோன்றியது.

2014ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மலோன் காப்புரிமைக்கு முதல்நிலை விண்ணப்பம் போட்டார். அதன் பிறகே, ஜூலையில், கிக்ஸ்டார்ட்டர் என்னும் இணையத் தளத்தில் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டினார். இந்த வரிசையை வாசகர்கள் நினைவில் கொள்ளவேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது. 9 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. சில மாதங்களுக்குள், தொலைக்காட்சி விளம்பரம் வழியாகப் பொருள் விற்கும் டெலிபிராண்ட்ஸ் என்ற நிறுவனம் அதே முறையில் இயங்கும் பலூன் கொத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2015 ஜூனில் மலோனுக்குக் காப்புரிமை கிடைத்தது, வழக்கும் தொடங்கியது. அவ்வாண்டு டிசம்பரில் நீதிமன்றம் அந்தப் பொருளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. எதிர்த்தரப்பு சற்றே மாற்றி, வேறு பெயரில் வந்தது. அதன்பின் இன்னொரு பெயரில் வந்தது.

இதற்கிடையில் ஒரு விந்தை நிகழ்ந்தது. காப்புரிமை வழங்கிய அலுவலகத்தைச் சேர்ந்த தீர்ப்பாய வாரியமே, 2016 டிசம்பரில், அந்தக் காப்புரிமை செல்லாது என்றது. விண்ணப்பத்தில் பலூன் 'பெருமளவு நிரம்பிய' நிலை என்று எழுதியிருந்தார்கள். பெருமளவு என்றால் எவ்வளவு என்பது தெளிவாக இல்லையாம். பலூன் நிரம்பிவிட்டதா இல்லையா என்று ஐந்து வயதுக் குழந்தை சொல்லிவிடும்; வாரியத்திற்குச் சொல்லத் தெரியவில்லை. 2018 மே மாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த முடிவை மாற்றியது. 2017 நவம்பரிலேயே டெக்சஸில் ஜூரிக் குழு, எதிர்த்தரப்பு 1 கோடியே 22½ லட்சம் டாலர் இழப்பீடு தரவேண்டும் என்று கூறியிருந்தது. இத்தனை ஆண்டுகள் மலோனால் தாக்குப்பிடிக்க முடிந்ததற்கு ஒரு காரணம், ஜூரு என்ற பொம்மை நிறுவனம் அவரோடு சேர்ந்து வழக்காடியது. தனியாள் ஒருவர் இதைத் தாங்கியிருப்பாரா என்பது ஐயமே.

விற்றவுடன் தீர்ந்துபோகும் உரிமை

மேலே சொன்னது நகல் செய்தவர் மீதான வழக்கு. அசல் பொருளையே வாங்கி மறுபடி விற்பவர் கதை முற்றிலும் வேறு. பேட்டண்ட் எனப்படும் காப்புரிமை, பொருளைச் செய்யவும் விற்கவும் இறக்குமதி செய்யவும் கண்டுபிடித்தவருக்கு 20 ஆண்டுகளுக்குத் தனியுரிமை தருகிறது. ஆயின் ஒரு குறிப்பிட்ட பொருளை அவரே விற்றுக் காசு வாங்கிவிட்டால், அந்த ஒரு பொருளைப் பொறுத்தவரை அவருடைய உரிமை தீர்ந்துவிடுகிறது. வாங்கியவர் அதை வைத்துக்கொள்ளலாம், தானம் செய்யலாம், இரு மடங்கு விலைக்கும் விற்கலாம்.

இதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2017 மே மாதத்தில் ஐயத்திற்கு இடமின்றிச் சொன்னது. லெக்ஸ்மார்க் நிறுவனம் அச்சுப்பொறி மைக் கூடுகளை, 'ஒரு முறைதான் பயன்படுத்தவேண்டும், பிறகு எங்களிடமே தரவேண்டும்' என்ற நிபந்தனையுடன் சலுகை விலையில் விற்றது. ஒரு சிறு நிறுவனம் காலிக் கூடுகளை வாங்கி, மை நிரப்பி விற்றது. நிபந்தனை போட்டிருந்தாலும், வெளிநாட்டில் விற்றிருந்தாலும், விற்றபின் காப்புரிமையைக் காட்டித் தடுக்கமுடியாது என்பது தீர்ப்பு.

நம் நாட்டில் 1999ஆம் ஆண்டு வணிகக் குறிச் சட்டத்தின் 30ஆம் பிரிவும் முறையாக வாங்கிய பொருளை மறுவிற்பனை செய்வதை அனுமதிக்கிறது. பொருளின் நிலை மாற்றப்படுவது, கெடுக்கப்படுவது போன்ற தக்க காரணம் இருந்தால் உரிமையாளர் எதிர்க்கலாம். இணைய அங்காடியில் தங்கள் அனுமதியின்றித் தங்கள் பொருள்கள் விற்கப்படுவதாக ஆம்வே முதலிய நிறுவனங்கள் தொடுத்த வழக்கில், 2019இல் தனி நீதிபதி அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார். 2020 ஜனவரி 31 அன்று தில்லி உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை நீக்கியது. அவ்வளவு பெரிய நிறுவனங்களாலேயே தடுக்க இயலவில்லை எனில் ஊர்ப்புறக் கைவினைஞர் எம்மட்டு? ஆனால் மறுவிற்பனையாளருக்கும் கடமை உண்டு. 2012இல் சாம்சங் அச்சுப்பொறி வழக்கில் அதே நீதிமன்றம், இறக்குமதி செய்து விற்பவர் அந்தப் பொருளுக்குச் செய்தவரின் உத்தரவாதம் கிடையாது என்பதைக் கண்ணில் படும்படி அறிவிக்கவேண்டும் என்றது.

இணையத்திற்கே உரிய ஒரு தந்திரமும் உண்டு. பல அங்காடிகளில் ஒரு பொருளுக்கு ஒரு பக்கம்தான். அந்தப் பக்கத்தில் பல விற்பனையாளர்கள் சேர்ந்துகொள்ளலாம். படமும் வாங்கியோரின் பாராட்டுரைகளும் பக்கத்திற்குச் சொந்தம். பிறகு வந்து ஒட்டிக்கொள்பவர் பத்து ரூபாய் விலையைக் குறைத்தால் போதும், முதலாமவர் சேர்த்த நற்பெயர் முழுவதும் அவருக்கு வேலை செய்யும். 2022 ஆகஸ்டில், ஃபிளிப்கார்ட்டில் ஓர் ஆடை வணிகரின் பக்கத்தில் பிறர் இவ்வாறு ஒட்டிக்கொண்டதைத் தில்லி உயர் நீதிமன்றம் தடுத்தது. பிறர் பெயரைத் தன் பெயராகக் காட்டி விற்பதற்கு ஒப்பானது இது என்றும் கண்டது. சிறு வணிகருக்குக் கிடைத்த நல்ல தீர்ப்புகளில் இதை நான் முதலில் வைப்பேன்.

எலுமிச்சை பறிக்கும் கோல்

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன். என் தாய்மாமா தென்காசி மாவட்டத்தில் ஒரு சிறு லேத் பட்டறை வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் எலுமிச்சைத் தோட்டங்கள் அதிகம். மரத்தில் முள், கையை விட்டால் கிழிக்கும். தொரட்டியால் இழுத்தால் காய் தரையில் விழுந்து அடிபடும்; அடிபட்ட காய்க்குச் சந்தையில் விலை இல்லை. மாமா அலுமினியக் குழாயின் நுனியில் ஒரு வளையமும் அதனுள் சிறு கத்தியும் பொருத்தி, கீழே நீளமான துணிக்குழாய் ஒன்றைத் தைத்தார். அறுபட்ட காய் துணிக்குள் வழுக்கிக்கொண்டு மெதுவாக இடுப்புப் பைக்கு வந்துவிடும். துணியைச் சற்று முறுக்கினால் வேகம் இன்னும் குறையும். இயற்பியல் படிக்காமலே உராய்வைக் கட்டுப்படுத்திய மனிதர் அவர். விலை 650 ரூபாய். பிடியில் தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் பதித்து, இரண்டு ஆண்டுகளாக ஊர்ச் சந்தையில் விற்றுவந்தார்.

வெளியூர்க்காரர் ஒருவர் வந்து, பட்டறையில் தேநீர் குடித்து, முப்பது கோல்கள் வாங்கிச் சென்றார். அவை இணைய அங்காடி ஒன்றில் 1,190 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்தன. சில மாதம் கழித்து அதே அங்காடியில் 599 ரூபாய்க்கு இன்னொன்று வந்தது. படம் மாமாவின் கோல். வந்து சேர்ந்ததோ மெல்லிய தகரம். கத்தி வளைந்துவிட்டது என்று எங்கெங்கிருந்தோ மாமாவுக்கு வசவு வந்தது. படத்தில் அவருடைய எண் தெரிந்ததல்லவா! அங்காடிக்குப் புகார் எழுதினோம். காப்புரிமை எண் அல்லது பதிவு செய்த வணிகக் குறி எண் தருக என்று பதில் வந்தது. அதுதான் அந்தத் தாள்.

மாமாவுக்குத் தகரக்காரர் மேல் அவ்வளவு கோபம் இல்லை. தேநீர் குடித்தவர் மேல்தான் கோபம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம எப்படித் தாயி விக்கலாம்?"

"காசு குடுத்துத்தான மாமா வாங்குனாரு. நீங்க வித்த மாட்ட அவரு சந்தையில வித்தா கேப்பீங்களா?"

"மாடு நான் கண்டுபிடிச்சதா தாயி?"

இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. கேட்பவர் மனம் ஆறும் விடையாக அது இல்லை. கண்டுபிடிப்புக்கான கூலியை முதல் விற்பனையின் விலையிலேயே வைத்து வாங்கிக்கொள்ளவேண்டும் என்கிறது சட்டம். சட்டம் சொல்வது சரி என்றே நான் கருதுகிறேன். இல்லாவிட்டால் பழைய சைக்கிளை விற்கவும் கம்பெனியிடம் அனுமதிக் கடிதம் வாங்கவேண்டி வரும். 1,190 ரூபாய்க்கு ஆள் வாங்குகிறார் என்றால் 650 என்பது மாமா தம் வேலைக்குத் தாமே போட்ட குறைந்த மதிப்பு.

தகரக்காரரிடம் வருவோம். காப்புரிமை கேட்க வழி இல்லை. விண்ணப்பிக்கும் முன்பே சந்தையில் விற்றுவிட்ட பொருள், சட்டத்தின் கண்ணில் புதியது அன்று. அதை விற்றவர் கண்டுபிடித்தவரே ஆனாலும் அப்படித்தான். மலோன் விண்ணப்பித்துவிட்டு விற்றார், மாமா விற்றுவிட்டார். 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டத்திலும் இதே கதவு மூடியிருந்தது. வணிகக் குறி பதிவாகவில்லை. பதிவு இல்லாமலும் நற்பெயரைக் காக்க வழக்குத் தொடரலாம். அந்தச் செலவுக்குப் பட்டறையை விற்கவேண்டும். மிஞ்சியது ஒன்றே ஒன்று: படம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஒளிப்படத்திற்குப் பதிவே தேவையில்லை. எடுத்த கணத்திலேயே எடுத்தவருக்கு உரிமை பிறக்கிறது. அந்தப் படத்தை எங்கள் மொட்டை மாடியில் என் கைப்பேசியில் எடுத்தவள் நான். மாமாவின் கண்டுபிடிப்பில் சட்டம் ஏற்றுக்கொண்ட ஒரே உரிமை என் பெயரில் இருந்தது!

கைப்பேசியில் இருந்த மூலப் படத்தை நாள், நேரத்தோடு இணைத்து, என் பெயரில் புகார் அனுப்பினோம். தகரக் கோலின் பக்கம் நீங்கியது. சில நாள்களில் வேறொரு மங்கலான படத்துடன் மீண்டும் வந்தது, இன்றும் விற்கிறது. அதைத் தடுக்க எங்களிடம் ஏதும் இல்லை. வசவுத் தொலைபேசி மட்டும் நின்றது. மாமாவுக்கு அதுவே பெரிய நிம்மதி.

இந்த அலைச்சலில் அறிந்துகொண்டவை சில. சந்தேகப்படும் பொருளில் ஒன்றை நாமே காசு கொடுத்து வாங்கி, இரசீதையும் பொட்டலத்தையும் படத்தோடு காத்துவைக்கவேண்டும். அது இல்லாமல் எந்தப் புகாரும் நிற்காது. 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விற்பவரின் பெயரையும் முகவரியையும் அங்காடி காட்டியாகவேண்டும். விற்பனையாளரிடம் 'இணையத்தில் விற்கக்கூடாது' என்று எழுதி வாங்கலாம். அது கையெழுத்துப் போட்டவரை மட்டுமே கட்டும், அவரிடம் வாங்கியவரைக் கட்டாது. கட்டணங்கள் நாம் அஞ்சும் அளவுக்கு இல்லை. தனி நபர் இணையவழி விண்ணப்பித்தால் காப்புரிமைக்கு 1,600 ரூபாய். பரிசோதனை வேண்டுகைக்கு 4,000 ரூபாய் தனி. வடிவமைப்புப் பதிவுக்கு 1,000, வணிகக் குறிக்கு 4,500. காப்புரிமை அலுவலகம் சென்னை கிண்டியிலேயே இருக்கிறது. செலவு வைப்பது விண்ணப்பத்தை எழுதும் முகவரின் கூலிதான். 'பெருமளவு நிரம்பிய' என்ற சொல் பட்ட பாட்டைப் பார்த்தபின், அந்தக் கூலியைக் குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாமா இப்போது ஒவ்வொரு கோலிலும் எண் குத்துகிறார். எண்ணும் இரசீதும் உள்ளவருக்கே இலவசப் பழுதுபார்ப்பு. விலையையும் 850 ஆக உயர்த்திவிட்டார். வணிகக் குறிக்கு விண்ணப்பம் போயிருக்கிறது. உயரமான மரங்களுக்கென்று கோலில் ஒரு புதிய அமைப்பும் சேர்த்திருக்கிறார். அதற்குரிய முதல்நிலை விண்ணப்பத்தை நானும் அவரும் இரவில் உட்கார்ந்து தயாரித்துவருகிறோம். அது எப்படி இயங்குகிறது என்று விளக்க எனக்கு மிகவும் ஆசை. ஆனால் இம்மலரில் அச்சானாலே அது ஊரறிந்த செய்தி ஆகிவிடும் என்பதால், விண்ணப்ப எண் கைக்கு வரும் வரை அதைப் பற்றி எழுதவேண்டாம் என்று மாமா சொல்லியிருக்கிறார்.