ஃபோல்டர்களுக்கும் ஓர் இருப்புப் பட்டியல்

வருஷ முடிவில் சரக்கிருப்பு எடுப்பது நம் வியாபாரிகளுக்குப் புதிதன்று. அலமாரியில் எத்தனை பீஸ், கிட்டங்கியில் எத்தனை மூட்டை என்று எண்ணி எழுதாமல் ஐந்தொகை போட எவரும் துணியமாட்டார். ஆனால் பில், ரசீது, சம்பளப் பட்டியல், லைசென்சு நகல் யாவும் இப்பொழுது கம்ப்யூட்டருக்குள் அல்லவா குடியிருக்கின்றன? அங்கே என்னென்ன ஃபோல்டர்கள் இருக்கின்றன என்று கேட்டால், "பையனுக்குத்தான் தெரியும்" என்ற விடையே பிரிக்பீல்ட்சிலிருந்து கிள்ளான் வரை நமக்குக் கிடைக்கிறது. பையனோ ஒரு நாள் பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விடுகிறான்.

இது சிறிய விஷயமன்று. 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 82ஆம் பிரிவு, வியாபாரக் கணக்குகளை 7 ஆண்டுகள் பாதுகாக்கும்படி பணிக்கிறது. கம்ப்யூட்டரில் வைத்திருந்தால் அவை எளிதில் எடுக்கக்கூடியனவாகவும், எழுத்தில் மாற்றத்தக்கனவாகவும் இருத்தல் வேண்டும். 2021 டிசம்பரில் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் பெருவெள்ளம் புகுந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய வெள்ளத்தில் பெட்டியடிக்குக் கீழே இருக்கும் கம்ப்யூட்டர் மூழ்கிவிட்டால், எவை போயின என்று சொல்வதற்காவது ஒரு பட்டியல் வேண்டாமா?

ஐம்பது ஃபோல்டர்களின் பெயரையும் பார்த்துப் பார்த்துக் கையால் எழுதத் தேவையில்லை. விண்டோஸ் கம்ப்யூட்டரே எழுதித் தரும். சுலபமான வழி இது: ஃபோல்டர்கள் உள்ள இடத்தைத் திறந்து, கண்ட்ரோல் பொத்தானுடன் 'ஏ' எழுத்தை அழுத்தினால் எல்லாம் தேர்வாகிவிடும். பிறகு ஷிப்ட் பொத்தானை அழுத்தியபடியே ஒரு ஃபோல்டர் மீது மௌசின் வலப்பக்கத்தை அழுத்துக. வரும் வரிசையில் 'காபி ஏஸ் பாத்' என்பதைத் தேர்ந்தெடுத்து, நோட்பேடைத் திறந்து ஒட்டினால் பெயர்கள் வரிசையாக இறங்கும். தனியாகக் கிடக்கும் பைல்களின் பெயரும் கூடவே வரும், வேண்டாதவற்றை அழித்துக்கொள்ளலாம்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று அடுக்கடுக்காக வைத்திருப்போருக்கு இது போதாது. அவர்கள் அந்த இடத்திலேயே மேலே விலாசம் தெரியும் கட்டத்தில் 'சிஎம்டி' என்று தட்டி என்டர் அழுத்தினால் கறுப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் ஆங்கில எழுத்துக்களில் தட்ட வேண்டியது: டிஐஆர் /ஏடி /பி /எஸ் > லிஸ்ட்.டிஎக்ஸ்டி. 'ஏடி' என்பது ஃபோல்டர்களை மட்டும் பொறுக்கும். 'பி' வெறும் பெயர்களைத் தரும். 'எஸ்' உள்ளடுக்குகளுக்கும் போய்வரும். அம்புக்குறி போன்ற அடையாளம், திரையில் ஓட வேண்டியதைப் பைலுக்குள் திருப்பிவிடுகிறது. இந்தத் திருப்புதலும் ஃபோல்டர் முறையும் 1983இல் வந்த டாஸ் இரண்டாம் பதிப்பிலேயே ஏற்பட்டவை. பழைய சாமான்தான், இன்றும் தேய்ந்துபோகவில்லை.

ஆனால் இதில் பள்ளங்கள் உண்டு. ஃபோல்டர்களுக்குத் தமிழில் பெயரிட்டிருப்போர் பட்டியலைத் திறந்தால் பெயருக்குப் பதில் கேள்விக்குறிகளே தெரியக்கூடும். அதற்கு முன்னதாக அதே ஜன்னலில் சிஎச்சிபி என்று தட்டி, இடைவெளி விட்டு 65001 என்ற எண்ணைக் கொடுத்து என்டர் அழுத்துக. தமிழ் எழுத்துக்கள் தப்பும்.

மற்றொன்று இன்னும் மோசமானது. அதே பெயரில் மறுபடி பட்டியல் எடுத்தால், பழைய பட்டியல் சொல்லாமல் கொள்ளாமல் அழிந்துவிடும். ஆகவே பட்டியலின் பெயரிலேயே வருஷத்தையும் மாதத்தையும் சேர்த்து எழுதுவது நலம்.

மாதவாரியாக ஃபோல்டர் வைப்போர் 1, 2 என்று எழுதாமல் 01, 02 என்று எழுதுவார்களாக. சாதாரணமாகப் பார்க்கையில் ஒழுங்காக நிற்கும் எண்கள், பட்டியலில் 1, 10, 11, 12, 2 என்று தடம் மாறிவிடும். ஆங்கில மாதப் பெயர்களோ ஏப்ரலை முதலில் நிறுத்தும். கணக்குப்பிள்ளைக்கு இது வீண் தலைவலி.

பட்டியல் என்பது பெயர்களின் பட்டியல்தான், சரக்கன்று. உள்ளே இருக்கும் பில்களை அது காப்பாற்றாது. அவற்றின் நகலைத் தனி டிஸ்கில் எடுத்து வேறிடத்தில் வைத்தே ஆகவேண்டும். பட்டியலின் பயன் வேறு. மூன்று மாதத்திற்கொரு முறை புதிதாக எடுத்து, பழையதைப் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் டிக் போட்டுக்கொண்டே வந்தால், காணாமற்போன ஃபோல்டர் உடனே அகப்படும். சென்ற முறை இருந்த '2022 சப்ளையர் பில்' இம்முறை இல்லையென்றால், தணிக்கையாளர் கேட்கும் நாள் வரை காத்திராமல் அன்றைக்கே விசாரிக்கலாம். வேண்டுமென்றே அழித்ததா, கைதவறி வேறு ஃபோல்டருக்குள் விழுந்ததா என்பதைப் பையன் வேலையில் இருக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

அச்செடுத்த பட்டியலில் ஒரு பிரதியைக் கடையில் வைக்காமல் வீட்டில் வைத்திருங்கள்.