ஆசிரியர் குரலும் மாணவர் கற்றலும்

யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு பிள்ளை வகுப்பறையை விட்டு வெளியே வந்தால், சந்தையிலும் பேருந்திலும் கோயில் வீதியிலும் தமிழ் அதன் காதில் விழுந்துகொண்டே இருக்கும். ஆசிரியர் ஒரு சொல்லைத் தெளிவின்றிச் சொன்னாலும் ஊர் அதனைத் திருத்திவிடும். மொன்றியல் பிள்ளையின் நிலை வேறு. 1977 ஆம் ஆண்டின் பிரெஞ்சு மொழிச் சாசனத்தின்படி குடிவந்தோரின் பிள்ளைகளுள் பெரும்பாலோர் பிரெஞ்சுப் பாடசாலையிலேயே கற்கின்றனர். விளையாட்டிலும் தொலைக்காட்சியிலும் ஆங்கிலம் கலந்துவிடுகிறது. வீட்டாருக்கு அப்பால் தமிழை முறையாக உரைக்கும் ஒரு குரலை அவர்கள் கேட்பது வார இறுதியில் சில மணி நேரமே. ஆகையால் இங்கே ஆசிரியரின் குரலே பாடநூலின் பெரும்பகுதி எனலாம்.

கற்பிப்போன் குரலும் முகமும் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை நம் முன்னோர் இலக்கண நூலின் வாயிலிலேயே வைத்தனர். பதின்மூன்றாம் நூற்றாண்டினதாகக் கொள்ளப்படும் நன்னூலின் பொதுப்பாயிரத்தில், பாடம் சொல்பவர் அவசரப்படலாகாது, சினக்கலாகாது, முகமலர்ச்சியோடு மாணாக்கன் கொள்ளும் அளவறிந்து சொல்ல வேண்டும் என்கிறார் பவணந்தி முனிவர். ஆசிரியர் ஆகத் தகாதவருக்கு அவர் காட்டும் உவமைகளுள் ஒன்று மடற்பனை. பனங்காய் தானாக விழுந்தால் பொறுக்கிக்கொள்ளலாம். ஏறிப் பறிக்கக் கருக்கு மட்டை விடாது. பனையோடு வாழ்ந்த நமக்கு இதற்கு உரை வேண்டியதில்லை. கடுங்குரல் உடையவரும் பாடம் சொல்லத்தான் செய்கிறார். ஆனால் விளங்காத ஒன்றைக் கேட்க எந்தப் பிள்ளையும் அவரை அணுகுவதில்லை.

இனி ஒலிப்புக்கு வருவோம். பிரெஞ்சு மொழியின் ரகரம் தொண்டையிற் பிறப்பது. நம் ரகரம் நாநுனியிற் பிறப்பது. கியூபெக் பிரெஞ்சில் இகரத்தின் முன்வரும் தகரம் சற்றே சகரச் சாயல் பெறும். ஆதலால் பிரெஞ்சில் ஊறிய பிள்ளை 'மரம்' என்பதைத் தொண்டையால் உரைப்பதும், 'திங்கள்' என்பதை 'த்சிங்கள்' என்பதும் இயற்கை. அது சோம்பலன்று, நாவின் பழக்கம். அவ்வேளை ஆசிரியர் சிரித்துவிட்டாலோ, வகுப்பைச் சிரிக்கவிட்டாலோ, அப்பிள்ளை அச்சொல்லை மறுமுறை உரத்துச் சொல்லாது. உரத்துச் சொல்லாத ஒலி நாவிற் படிவதுமில்லை. 'திரும்பச் சொல்' என்பது ஒரே சொற்றொடர்தான். தாழ்ந்த குரலில் அது அழைப்பு. உயர்ந்த குரலில் அது தண்டனை. எடுத்தல், படுத்தல், நலிதல் என ஒலிப்பு வேறுபாடுகளை வகுத்த இலக்கண மரபினர் நாம். இது நமக்குப் புதிதன்று.

ஒலிநாடாவும் காணொளியும் இருக்க ஆசிரியர் எதற்கு என்று வினவுவோரும் உளர். சியாற்றில் நகரில் பற்றீசியா கூல் என்னும் அறிஞரின் குழுவினர் 2003 இல் வெளியிட்ட ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. ஒன்பது மாதம் நிரம்பிய அமெரிக்கக் குழந்தைகளோடு சீனமொழி பேசுவோர் நேரில் இருந்து வாசித்தும் விளையாடியும் பன்னிரண்டு அமர்வுகள் நடத்தியபோது, குழந்தைகள் அம்மொழிக்கே உரிய ஒலி வேறுபாட்டை உணரக் கற்றன. அதே பேச்சைத் திரையில் காட்டியபோதும் ஒலிப்பதிவாகக் கேட்பித்தபோதும் அப்பயன் விளையவில்லை. பள்ளிப் பிள்ளைகள் கைக்குழந்தைகள் அல்லர் என்பது உண்மையே. எனினும் முகமும் குரலும் சேர்ந்து வரும்போது காது விழிப்படைகிறது என்பதை இதனால் உணரலாம்.

ஆயினும் யான் பெரிதாகக் கருதுவது மற்றோர் ஆய்வை. அது நம் நகரிலேயே நடந்தது. மக்கில் பல்கலைக்கழக உளவியலாளர் வாலஸ் லாம்பேர்ட்டும் அவர்தம் துணைவரும் அதனை 1960 இல் வெளியிட்டனர். இரு மொழிகளிலும் வல்ல நால்வர் ஒரே உரைப்பகுதியைப் பிரெஞ்சில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் வாசித்தனர். ஒருவரே இருமுறை பேசுகிறார் என்பது கேட்ட மாணவர்க்குத் தெரியாது. குரலை மட்டும் கொண்டு, பேசுபவரின் அறிவு, தோற்றம், நம்பகம், உயரம் முதலியவற்றை மதிப்பிடுமாறு அவர்கள் கேட்கப்பட்டனர். அதே மனிதர் ஆங்கிலம் பேசியபோது பல பண்புகளில் உயர்ந்தவராகவும், பிரெஞ்சு பேசியபோது தாழ்ந்தவராகவும் மதிக்கப்பட்டார். ஆங்கில மாணவர் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்ட மாணவரும் அவ்வாறே மதிப்பிட்டனர். தம் மொழிக் குரலுக்கு அவர்கள் அளித்த மதிப்பு, ஆங்கில மாணவர் அளித்ததிலும் குறைவாக இருந்தது. செல்வமும் உயர்பதவியும் ஆங்கிலத்தின் பக்கம் இருந்த காலம் அது.

நம் பிள்ளைகளும் இப்படியொரு மதிப்பீட்டை ஓசையின்றிச் செய்துகொண்டே இருக்கிறார்கள். வாரநாளில் ஆசிரியை மென்குரலில் கதை சொல்லும்போது கேட்பது பிரெஞ்சு. வேலையால் களைத்து வந்த பெற்றோரிடமிருந்து கேட்பது 'எழும்பு', 'முகத்தைக் கழுவு', 'சாப்பிடு', 'படி' என்னும் தமிழ். வார இறுதியில் ஆசிரியரும் அதே தொனியில் தொடங்கினால், தமிழ் என்பது ஏவல் வினைமுற்றுக்களால் மட்டுமே ஆன ஒரு மொழி என்று பிள்ளை முடிவு செய்துவிடாதா? லாம்பேர்ட் பிற்காலத்தில் கூட்டும் இருமொழியம், கழிக்கும் இருமொழியம் என இரண்டைப் பிரித்துக் காட்டினார். புதுமொழி வந்து சேரத் தாய்மொழி தேய்ந்துபோவது இரண்டாவது வகை. நம் வீடுகள் பலவற்றில் நிகழ்வது அதுவே.

மென்மையாகப் பேசினால் வகுப்பு அடங்காது என்பர் சிலர். இரைச்சல் மிகுந்த இடத்தில் மனிதர் தம்மை அறியாமலே குரலை உயர்த்துவர் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியென் லொம்பார் 1911 இல் எடுத்துரைத்தார். ஒரே மண்டபத்தில் பல வகுப்புகள் நடக்கும்போது இதனைக் கண்கூடாகக் காணலாம். ஒருவர் உயர்த்த மற்றவர் உயர்த்துவர். ஈற்றில் எல்லோருக்கும் தொண்டை கட்டும், ஒருவருக்கும் பாடம் விளங்காது. அத்தருணத்தில் பேச்சை நிறுத்திச் சில நொடி காத்திருந்து, தாழ்ந்த குரலில் மீண்டும் தொடங்குவது பயன் தரும். கண்டிப்புக்கு உரத்த குரல் தேவையில்லை. சொன்னதைச் செய்பவர் ஆசிரியர் என்னும் நம்பிக்கையே போதும். மறுபுறம், பதினான்கு வயது மாணவரிடம் பாலர் வகுப்புக் குரலில் கொஞ்சிப் பேசுவதும் பொருந்தாது. அதனையும் அவர்கள் அவமதிப்பாகவே கொள்வர்.

பெற்றோர்க்கு ஒன்று. பிள்ளை தமிழில் ஒரு செய்தி சொல்லும்போது இடையில் மறித்துத் திருத்த வேண்டாம், முடிக்க விடுங்கள். 'நேற்று நான் கடைக்குப் போறன்' என்று பிள்ளை சொன்னால், 'ஓ, நேற்றுக் கடைக்குப் போனனியோ? என்ன வாங்கினனி?' என்று திருத்தத்தைக் கேள்விக்குள் வைத்துக் கேட்கலாம். 'கொப்பி வாங்கினனான்' என்று விடை வரும்.