பொருளாளர் பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள்

தேவாரத்திலோ கோம்பையிலோ பண்ணைப்புரத்திலோ பட்டப்படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறவரிடம் எந்த நிறுவனமும் முதலில் கேட்பது, “முன் அனுபவம் உண்டா?” என்றுதான். கம்பெனிகள் இருப்பதோ கோயம்புத்தூரிலும் திருப்பூரிலும். நம் பக்கம் இருப்பவை தென்னந்தோப்பும் திராட்சைத் தோட்டமும், மலைக்கு மேலே ஏலத்தோட்டமும். இங்கே இருந்துகொண்டு அலுவலக அனுபவத்துக்கு எங்கே போவது?

உள்ளூர்ச் சேவை மன்றத்துக்குப் போங்கள். அரிமா சங்கமாக இருக்கலாம், ரோட்டரியாக இருக்கலாம், தெருமுனையில் பெயர்ப்பலகை வைத்திருக்கும் இளைஞர் நற்பணி மன்றமாகவும் இருக்கலாம். ஒரு முழு ஆண்டு ஒரே பொறுப்பில் இருந்து, அதைக் கணக்கோடு முடித்துக் காட்டினால் அது வேலை அனுபவமேதான். நன்கொடை கேட்பது, முகாம் நடத்துவது, நாற்பது பேரை ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்கு வரவைப்பது, செலவுக்கு ரசீது வைப்பது: சம்பளம் கொடுத்து ஆள் எடுக்கும் வேலைகள்தாம் இவை எல்லாம்.

அரிமா, ரோட்டரி இரண்டுக்கும் ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. புதிய நிர்வாகிகள் அதற்கு முன்பே முடிவாகிவிடுவார்கள். ஆகவே ஜூலையில் போய் நிற்காமல் சித்திரை, வைகாசியிலேயே போய்ப் பேசுங்கள். மாணவராக இருந்தால் ரோட்டரியின் இளைஞர் பிரிவான ரோட்டராக்டில் 18 வயதில் சேரலாம். அரிமாவின் லியோ சங்கத்தில் அதற்கு முன்பே இடம் உண்டு. கல்லூரியில் நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1969-ல் தொடங்கிய அந்தத் திட்டம் ஆண்டுக்கு 120 மணி நேரச் சேவையை எதிர்பார்க்கிறது. மன்றத்தில் ஒரு பொறுப்பை ஒழுங்காகப் பார்த்தால் அதைவிடக் கூடுதலாகவே ஆகும். வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஒதுக்க முடியுமா என்று வீட்டில் பேசிவிட்டு இறங்குங்கள்.

எந்தப் பொறுப்பு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தலைவர் நாற்காலிக்கு ஆள் இருப்பார்கள், செயலாளருக்கும் இருப்பார்கள். பொருளாளர் என்றால் பலரும் தயங்குவார்கள். அதைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்காவிட்டால் முகாம் ஒருங்கிணைப்பு. இந்த இரண்டில் ஒன்றைச் செய்தவரை எந்த அலுவலகத்திலும் நம்பி உட்காரவைக்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

கண் முகாம்: ஒரு நாள் வேலை, ஒரு மாத உழைப்பு

நம் பகுதியில் மன்றங்கள் செய்யும் சேவைகளில் ஆழமாகக் கற்றுக்கொடுப்பது இலவசக் கண் முகாம். அதன் கதையும் நம் பக்கத்துக் கதைதான். டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரை மருத்துவக் கல்லூரியில் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற பின், 1976-ல் 11 படுக்கைகளோடு தொடங்கியது அரவிந்த் கண் மருத்துவமனை. முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன நிலையில் அறுவைச் சிகிச்சை செய்து பழகியவர் அவர். பிறகு தேனியிலும் மருத்துவமனை வந்தது. அந்த அமைப்பு ஊர் ஊராக நடத்தும் முகாம்களில் பாதி வேலை உள்ளூர் மன்றங்களுடையது.

வேலைப் பிரிவினை தெளிவானது. மருத்துவர், செவிலியர், கருவிகள், அறுவைச் சிகிச்சை எல்லாம் மருத்துவமனை பொறுப்பு. இடம், விளம்பரம், மேசை நாற்காலி, சாப்பாடு, ஆட்களை அழைத்து வருவது எல்லாம் மன்றத்தின் பொறுப்பு. காலையில் பதிவு. பிறகு பார்வை அளவு, மருத்துவரின் முதல் பரிசோதனை, கண் அழுத்தம், கண்ணாடிக்கான அளவு என்று வரிசை நகரும். கண்புரை என்று தெரிந்தவர்களை அன்றே பஸ்ஸில் மருத்துவமனைக்கு அழைத்துப் போய், அறுவைச் சிகிச்சை முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். சில வாரங்கள் கழித்து மறுபரிசோதனை.

இலவசம் என்று ஒலிபெருக்கியில் சொன்னால் கூட்டம் தானாக வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. வராது. தமிழகக் கிராமங்களில் நடத்தி 1999-ல் வெளியான ஓர் ஆய்வு, கண் குறை உள்ள பெரியவர்களில் 7 விழுக்காட்டுக்கும் குறைவானவர்களே முகாமுக்கு வந்திருந்தார்கள் என்றது. மற்றவர்களைத் தடுத்தவற்றில் பயம் உண்டு, செலவு உண்டு, வீட்டுப் பொறுப்பு உண்டு. ஆபரேஷன் இலவசம்தான், ஆனால் கூட வருகிற மகனின் ஒரு நாள் கூலியை யார் தருவார்கள்?

உங்கள் வேலை தொடங்குவது இங்கேதான். தேவாரம் பக்கத்தில் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி இடுக்கி மலையிலுள்ள ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள் ஏராளம். பகல் பதினோரு மணிக்கு ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சுற்றினால் அறிவிப்பைக் கேட்பவர் வீட்டிலிருக்கும் பாட்டி மட்டும்தான். “நல்லதுதாய்யா, யாரு கூட்டிட்டுப் போவா?” என்று அவர் சொல்வதோடு பேச்சு முடிந்துவிடும். முடிவெடுக்க வேண்டிய மகனும் மருமகளும் மலையில் இருப்பார்கள். ஜீப் இறங்கும் சாயங்காலத்தில் போங்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுங்கள். “நீங்க வர வேண்டாம்ணே, ஆத்தாவோட நாங்க ஒருத்தர் துணைக்கு இருக்கோம்” என்று ஒரு பெண் தன்னார்வலர் சொன்னால் பாதித் தயக்கம் அங்கேயே போய்விடும். முகாம் குழுவில் பெண்கள் இருந்தே ஆக வேண்டும். அமெரிக்காவில் பிறந்த ரோட்டரியும் அரிமாவும் 1980-களின் கடைசிப் பகுதியில்தான் பெண்களுக்குக் கதவைத் திறந்தன. நம் ஊர் மன்றங்களிலும் பெண் உறுப்பினர்களை வரவேற்பு மேசையோடு நிறுத்திவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதை மாற்றுங்கள், முகாமுக்கு வரும் வயதான பெண்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் தெரியும்.

ஒவ்வொரு வீட்டிலும் பெயர், வயது, தெரு, பக்கத்து வீட்டு போன் எண் ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைச் சீட்டைக் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். சர்க்கரையும் அழுத்தமும் கட்டுக்குள் இல்லாவிட்டால் அறுவைச் சிகிச்சை தள்ளிப்போகும். பள்ளிக் கட்டடம் வேண்டுமென்றால் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். மறுபரிசோதனை நாளுக்கு முதல் நாள் மாலை ஒவ்வொருவருக்கும் போன் போடுங்கள். முகாம் அன்று படம் எடுக்கப் பத்துப் பேர் நிற்பார்கள். இந்தப் போனைப் போடுவதற்குத்தான் ஆள் வேண்டும்.

இன்னொரு தகவலும் உங்களுக்குப் பயன்படும். முகாம்களால் மட்டும் எல்லோரையும் எட்ட முடியாது என்று கண்ட அரவிந்த், 2000-களின் நடுவில் தேனி மாவட்டத்துச் சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெடுந்தூர வைஃபை இணைப்புகளை அமைத்துக் கொடுக்க, கிராமத்தில் இருப்பவரைத் தேனியிலிருக்கும் மருத்துவர் திரையில் பார்த்துப் பேசினார். உலகம் கவனித்த முயற்சி இது, நடந்தது நம் மாவட்டத்தில். முகாமை முடித்ததும், நோயாளி அடுத்து எந்தப் பார்வை மையத்துக்குப் போகலாம் என்பதையும் எழுதிக் கொடுத்தனுப்புங்கள்.

பணம் கேட்பது, பணத்துக்குப் பதில் சொல்வது

நிதி திரட்டக் கிளம்பும்போது முதலில் ரொக்கம் கேட்காதீர்கள். முகாம் சாப்பாட்டுக்கு அரிசி ஒரு கடையில், காய்கறி ஒரு கமிஷன் மண்டியில், பந்தல் ஒருவர், அறிவிப்பு ஆட்டோவுக்கு டீசல் ஒருவர் என்று கேளுங்கள். பொருளாகத் தருகிறவருக்குத் தான் கொடுத்தது எங்கே போனது என்று கண்ணால் பார்க்க முடியும். அடுத்த முறை கேட்காமலே தருவார். பொருளாகக் கிடைக்காதவற்றுக்கு மட்டும் ரொக்கம். எவ்வளவு வேண்டும், எதற்கு வேண்டும் என்று ஒரே தாளில் எழுதிக் காட்டிக் கேளுங்கள்.

பணம் வாங்கும் முறையை நம் ஊர் ஏற்கெனவே கற்றுவைத்திருக்கிறது. கல்யாண வீட்டு மொய் நோட்டைப் போலத்தான்: பெயர், ஊர், தொகை, அப்போதே எழுத்தில். கோயில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் பெரியவர்கள் வரவு செலவை ஊர் முன்னால் படித்துக் காட்டுகிறார்களே, அந்த ஒழுங்கை மன்றத்துக்குள் கொண்டுவாருங்கள். வரிசை எண் அச்சிட்ட ரசீதுப் புத்தகம், இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கு, மாதம் ஒருமுறை கூட்டத்தில் கணக்கு வாசிப்பு. உண்டியல் என்றால் மூன்று பேர் முன்னிலையில் திறந்து, எண்ணி, அப்போதே கையெழுத்து. கியூஆர் கோடு மன்றக் கணக்குக்கு உரியதாக இருக்க வேண்டும். நண்பருடைய சொந்த ஜிபே எண்ணை ஒரு நாளைக்குக்கூட ஒட்டாதீர்கள்.

அரிமா சங்கங்களில் ஒரு நல்ல விதி இருக்கிறது. பொதுமக்களிடம் திரட்டிய பணம் முழுதும் பொதுமக்களுக்கே போக வேண்டும். கூட்டச் செலவு, டீச்செலவு எல்லாம் உறுப்பினர் சந்தாவிலிருந்து. இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. உங்கள் மன்றம் எதுவாக இருந்தாலும் இதைப் பின்பற்றுங்கள்.

மன்றம் இன்னும் பதிவாகவில்லை என்றால் முதல் வேலை அதுதான். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஏழு பேர் இருந்தால் மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். பிறகு மன்றத்தின் பெயரில் பான் அட்டை, வங்கிக் கணக்கு. 80ஜி வரிச்சலுகை தனி அனுமதி. அது கையில் இல்லாமல் நன்கொடையாளரிடம் “வரி கழியும்” என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. அனுமதி இருந்தாலும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தச் சலுகை கிடைக்காது. ஊரை விட்டுப் போனவர்களிடம் கேட்பதிலும் ஓர் எல்லை உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டோடு துபாயில் வேலை பார்க்கும் மாமா தன் சேமிப்பிலிருந்து அனுப்பலாம். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட சித்தப்பா அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி. 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் அனுமதி பெறாமல் அதைத் தொட முடியாது. இதைத் தெரிந்து வைத்திருக்கும் இருபத்திரண்டு வயதுப் பொருளாளரை எந்தத் தணிக்கையாளரும் மதிப்பார்.

ஊருக்கு ஏற்ற நாட்காட்டி

புதிய நிர்வாகம் பதவியேற்றதும் ஜூலையிலேயே மரக்கன்று நடுகிறார்கள். ஆனால் மலைக்குக் கிழக்கே இருக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்குத் தென்மேற்குப் பருவத்தில் கிடைப்பது பெரும்பாலும் காற்றும் தூறலும்தான். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியை ஒட்டி நடுங்கள். அதுவரை குழி எடுத்து, ஆடு மாடு கடிக்காமலிருக்க வேலிக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஒவ்வொரு கன்றுக்கும் தண்ணீர் ஊற்ற ஒரு வீட்டின் பெயர் எழுதியிருக்கட்டும்.

இரத்த தானம் ஆண்டுக்கு ஒரு விழாவாக இல்லாமல், அழைத்தால் வரக்கூடியவர்களின் பட்டியலாக இருக்க வேண்டும். 18 வயது, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5 இருந்தால் தரலாம்; ஆண்கள் மூன்று மாதம், பெண்கள் நான்கு மாதம் இடைவெளி விட வேண்டும். உரிமம் பெற்ற இரத்த வங்கியோடு சேர்ந்துதான் முகாம் நடத்த முடியும். க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோடு பேசி, அவர்களுக்கு எப்போது தேவை என்று கேட்டு நாள் குறியுங்கள்.

பிளஸ் டூ தேர்வு நடக்கும் மார்ச்சில் மாணவர்களை இழுக்காதீர்கள். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா வாரத்தில் வைக்கும் எந்த முகாமுக்கும் ஆள் வராது. ஜனவரி 15, முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் பிறந்தநாள்; பள்ளத்தாக்கே ஒன்றுகூடும் நாள் அது. கண்மாய், வாய்க்கால் பற்றிய வேலைகளுக்கு ஆதரவு கேட்க அதைவிட நல்ல நாள் இல்லை. அரசின் நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் பங்களிப்பைக் கட்டி ஊர்ப் பணிகளை எடுக்க வழியிருக்கிறது. பேரூராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

பயோடேட்டாவில் எழுதுவது எப்படி

“சமூக சேவையில் ஆர்வம்” என்று கடைசி வரியில் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். அனுபவம் என்ற தலைப்பின் கீழேயே எழுதுங்கள்: எந்த மன்றம், என்ன பொறுப்பு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, எத்தனை ரூபாய் கையாண்டீர்கள், எத்தனை பேர் பரிசோதனைக்கு வந்தார்கள், எத்தனை பேருக்கு அறுவைச் சிகிச்சை ஆனது, மறுபரிசோதனைக்கு எத்தனை பேர் திரும்பி வந்தார்கள். உண்மையான எண்ணை மட்டும். நூறு பேர் வந்த முகாமை ஐந்நூறு என்று எழுதினால் நேர்முகத் தேர்வின் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். மருத்துவமனை முகாம் பிரிவிலிருந்து ஒரு கடிதமும் தணிக்கை செய்த கணக்கின் நகலும் கையில் இருந்தால் சான்றிதழ் தேவையில்லை.

“சிக்கலான ஆளை எப்படிச் சமாளித்தீர்கள்?” என்று நேர்முகத்தில் கேட்பார்கள். நன்கொடை தருவதாகச் சொல்லி ஐந்து முறை அலையவிட்டவரைப் பற்றி, பெயர் சொல்லாமல், கோபம் இல்லாமல், என்ன செய்து முடித்தீர்கள் என்று சொல்லுங்கள். புத்தகத்தில் படித்த பதிலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கேட்பவருக்குத் தெரியும்.

இந்த வழியிலேயே வேலை தேட விரும்பினால் வாய்ப்புகள் உண்டு. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆவது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அந்தப் பணத்தைக் களத்தில் நடத்த, கிராமத்தையும் கணக்கையும் தெரிந்தவர்கள் வேண்டும். கண் மருத்துவமனைகளில் முகாம் அமைப்பாளர் என்றே பணி இருக்கிறது. மேலே படிக்க நினைப்பவர்களுக்குச் சமூகப்பணி முதுகலை, காந்திகிராமப் பல்கலைக்கழகம், மதுரையில் தானம் அறக்கட்டளையோடு இணைந்த தான் அகாடமி என்று பக்கத்திலேயே இடங்கள் உண்டு.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் மன்றப் பணியை அலுவலக நேரத்துக்குள் கொண்டுவராதீர்கள். முகாம் நாளுக்கு ஒரு மாதம் முன்பே விடுப்புக் கேளுங்கள். மேலாளரிடம் நன்கொடை கேட்க வேண்டுமானால் வேறு உறுப்பினரை அனுப்புங்கள்.

ஜூன் கடைசி வாரத்தில் பொறுப்பு கைமாறும்போது ரசீதுப் புத்தகங்கள், பயன்படுத்தாத ரசீதுகளின் எண்கள், வங்கி அறிக்கை, நன்கொடையாளர் பட்டியல், இரத்தக் கொடையாளர் பட்டியல், மறுபரிசோதனைக்கு இன்னும் வராதவர்களின் போன் எண்கள் ஆகியவற்றை அடுத்த பொருளாளரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். வங்கியில் கையெழுத்து மாற்றத்துக்கான தீர்மான நகலையும் அன்றே கொடுத்துவிடுங்கள். ஜூலையில் கணக்கு முடங்கினால் புதியவரால் முதல் முகாமுக்கு முன்பணம்கூட எடுக்க முடியாது.